4கே டிஸ்க்கில் எச்டிஆர் படம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா மகன் சில மாதங்களுக்கு முன் 55 இன்ச் டிவி வாங்கினான். கூடவே ஒரு 4கே டிஸ்க் பிளேயர் (4கே என்றால் சாதாரண எச்டியைப்போல நாலு மடங்கு புள்ளிகள் கொண்ட படம்), வெளிநாட்டிலிருந்து நண்பன் கொண்டுவந்த நாலு படம். இரண்டாம் நாளே போன் வந்தது. “மாமா, டிஸ்க் போட்டா படம் ஒரே இருட்டா இருக்கு. யூடியூப் பளிச்சுனு தெரியுது. டிஸ்க் பழுதா, டிவி பழுதா?”

இரண்டும் பழுதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நானும் அதே இடத்தில் நின்று குழம்பியவன். அந்த ஞாயிற்றுக்கிழமை பாண்டியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். அன்றைக்கு அவனுக்குச் சொன்னதை, புதிதாக இந்தப் பக்கம் வரும் யாருக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன். படம், டிஸ்க், பிளேயர், கேபிள், டிவி, அறை என்று இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் எச்டிஆர் என்ற பெயர் மட்டும்தான் திரையில் இருக்கும்.

எச்டிஆர் என்ன செய்கிறது

பாண்டி பீச் ரோட்டில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். சூரியன் கடலை விட்டு ஒரு முழம் மேலே வந்திருக்கிறது. தண்ணீரில் விழும் ஒளிக்கோடு கண்ணைக் கூசுகிறது. அதே பார்வையில் கருங்கல் இடுக்கில் ஓடும் நண்டும் தெரிகிறது. போனை எடுத்துப் படம் பிடித்தால் வானம் வெளுத்துப் போகும், இல்லையென்றால் கல்லெல்லாம் கரிக்கட்டையாகிவிடும். கண் பார்க்கும் அந்த வீச்சில் முடிந்த அளவு திரைக்குக் கொண்டுவரும் முயற்சிதான் எச்டிஆர், அதாவது ‘ஹை டைனமிக் ரேஞ்ச்’.

திரையின் வெளிச்சத்தை ‘நிட்’ என்ற அளவில் சொல்வார்கள். பிக்சர் ட்யூப் டிவி காலத்து வழக்கப்படி, சாதாரணப் படத்துக்கு 100 நிட்தான் உச்சம் என்று வைத்து ஸ்டுடியோவில் வண்ணம் சேர்த்தார்கள், அதாவது காட்சிகளின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்தார்கள். எச்டிஆர் டிஸ்க்குக்குப் பொதுவாக 1000 நிட் அல்லது 4000 நிட் வரை போகும் மானிட்டரில் சேர்க்கிறார்கள். எச்டிஆரின் கணக்குமுறையோ 10,000 நிட் வரைக்கும் இடம் விட்டிருக்கிறது. நிறத்திலும் மாற்றம் உண்டு. சாதாரண ப்ளூரேயில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிகள், இதில் 1024 படிகள். அந்திவானம் பட்டை பட்டையாகப் பிரியாமல் வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். எச்டிஆர் என்றால் படம் முழுக்கப் பளிச்சென்று இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி இருக்காது. முகம், சுவர், மேசை எல்லாம் முன்பிருந்த வெளிச்சத்தை ஒட்டியேதான் இருக்கும். கூடுதல் வெளிச்சம் முழுவதும் விளக்குச் சுடர், கண்ணாடியில் அடிக்கும் வெயில், தீப்பொறி போன்ற சின்ன இடங்களுக்காகக் காத்திருக்கிறது.

வீட்டில் பார்க்க ஓர் உதாரணம் சொல்கிறேன். பூஜை அறையில் எரியும் அகல் விளக்கைக் கிட்டே போய்ப் பாருங்கள். திரியின் அடியில் நீலம், அதற்கு மேல் ஒரு மங்கலான இடம், அப்புறம் மஞ்சள், நுனியில் ஆரஞ்சு. சாதாரண வீடியோவில் இது ஒரு வெள்ளைச் சொட்டு. சரியாக வண்ணம் சேர்த்த எச்டிஆர் காட்சியில் சுடருக்குள்ளே இருக்கும் அந்த நிறங்கள் தனித்தனியே தெரியும், சுற்றியுள்ள அறை இருட்டாகவே இருக்கும். நான் எந்த டிவியைப் பார்க்கப் போனாலும் முதலில் ஒரு விளக்குக் காட்சியைத்தான் போடச் சொல்வேன்.

பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம்

டிவி பெட்டியிலும் டிஸ்க் அட்டையிலும் நாலு பெயர்கள் அடிபடும்.

எச்டிஆர்10 என்பது அடிப்படை. 4கே டிஸ்க்கில் எச்டிஆர் இருந்தால் எச்டிஆர்10 கட்டாயம் இருக்கும். எச்டிஆர் என்று போட்ட டிவி எல்லாமே இதை வாங்கிக்கொள்ளும். படத்தின் உச்ச வெளிச்சம் எவ்வளவு, எந்த மானிட்டரில் வண்ணம் சேர்த்தது போன்ற விவரங்களைப் படம் முழுவதற்கும் சேர்த்து ஒரே குறிப்பாக டிவிக்குச் சொல்லிவிடும். மற்றதை டிவி பார்த்துக்கொள்ள வேண்டும்.

டால்பி விஷன் அந்தக் குறிப்பைக் காட்சிக்குக் காட்சி மாற்றிச் சொல்கிறது. குகைக்குள் நடக்கும் காட்சிக்கு ஒன்று, பாலைவனத்துக்கு வேறொன்று. 4000 நிட்டில் வண்ணம் சேர்த்த படத்தை 600 நிட் டிவியில் அடக்கும்போது எதை விட்டுக்கொடுப்பது என்று டிவி குத்துமதிப்பாக முடிவு செய்யாமல் இருக்க இது உதவுகிறது. எச்டிஆர்10 பிளஸ்ஸும் இதே வேலையைச் செய்வதுதான். 2017-ல் சாம்சங்கும் அமேசானும் அறிவித்த இதற்கு டால்பியைப் போல உரிமக் கட்டணச் சுமை இல்லை. எச்எல்ஜி என்பது பிபிசியும் ஜப்பானின் என்எச்கேவும் டிவி ஒளிபரப்புக்காகச் செய்தது. படம் பார்க்கும் டிஸ்க்கில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

டால்பி விஷன் இல்லாத டிவி வைத்திருப்பவர்கள் மனம் உடைய வேண்டாம். டால்பி விஷன் டிஸ்க்குக்கு உள்ளே அடித்தளமாக எச்டிஆர்10 படம் முழுசாக இருக்கிறது. டால்பிக்கான தகவல் அதன் மேல் ஓர் அடுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் டால்பி முத்திரை போட்ட டிஸ்க் எந்த எச்டிஆர் டிவியிலும் ஓடும். என் அனுபவத்தில், நல்ல டிவியில் ஓடும் வெறும் எச்டிஆர்10, சுமாரான டிவியில் ஓடும் டால்பி விஷனைவிட எவ்வளவோ மேல். முத்திரையைத் துரத்துவதில் செலவழிக்கும் பணத்தை டிவியில் போடுங்கள்.

டிவி

கடையில் ‘எச்டிஆர் உண்டு’ என்று சொல்வார்கள். சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். வாங்கியதைக் காட்டும் திராணி அந்தத் திரைக்கு உண்டா என்பது தனிக் கேள்வி. விலை குறைந்த பல டிவிகளின் உச்சமே 250, 300 நிட்தான். அதில் டிஸ்க் போட்டால் வெளிச்சமும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும்.

கேட்க வேண்டியவை இரண்டு. எல்இடி டிவி என்றால் ‘லோக்கல் டிம்மிங்’ இருக்கிறதா? அதாவது திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்குகள் பகுதி பகுதியாக மங்கவும் கூடவும் செய்யுமா? இல்லாவிட்டால் நிலா வரும் காட்சியில் வானமும் சேர்ந்து வெளுக்கும். இரண்டாவது, உச்ச வெளிச்சம் 600 நிட்டைத் தொடுமா? ஓஎல்இடி டிவியில் ஒவ்வொரு புள்ளியும் தானே அணைந்துகொள்ளும் என்பதால் முதல் கேள்விக்கே இடமில்லை. இருட்டில் படம் பார்ப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு ஹால் மாதிரி கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல், பகலிலும் டிவி என்றால், பளிச்சென்ற எல்இடி நல்லது.

எந்த நிறுவனம் எதை ஏற்கும் என்பதையும் வாங்கும் முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது, எச்டிஆர்10 பிளஸ் உண்டு. எல்ஜி, சோனி டிவிகளில் தலைகீழ். டிசிஎல், ஹைசென்ஸ் பல மாடல்களில் இரண்டையும் தருகின்றன.

பிளேயர்

அல்ட்ரா எச்டி ப்ளூரே (4கே டிஸ்க்கின் முழுப் பெயர் அதுதான்) 2016-ல் கடைக்கு வந்தது. அதன் பிறகு பிளேயர் செய்பவர்கள் கூடவில்லை, குறைந்திருக்கிறார்கள். ஒப்போ 2018-ல் நிறுத்தியது, அடுத்த ஆண்டு சாம்சங்கும் கைவிட்டது. இப்போது பெரிய பெயர்கள் பானசோனிக்கும் சோனியும். எனவே நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் ரொம்ப யோசிக்க வேண்டாம்.

விளையாட்டுக்காக வாங்கிய பெட்டியே வீட்டில் இருக்கலாம். டிஸ்க் செருகும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க்கை ஓட்டும். டிஸ்க்கில் இருக்கும் டால்பி விஷனை இவை கொடுக்காது, எச்டிஆர்10 கிடைக்கும். தொடங்குவதற்கு அது தாராளம். பிளேஸ்டேஷன் 4 ப்ரோவின் பெட்டியில் 4கே என்று இருப்பதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், அது 4கே டிஸ்க்கை ஓட்டாது. கணினியில் பார்க்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். நகல் தடுப்புக்காக அதற்குக் கேட்கும் வசதி புதிய இன்டெல் சிப்களிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

வெளிநாட்டிலிருந்து பிளேயர் வருகிறது என்றால் பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்க மாடல்களில் 120 வோல்ட் மட்டும் என்று போட்டிருந்தால் நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவே கூடாது. 100 முதல் 240 என்று இருந்தால் பின் மாற்றும் அடாப்டர் போதும்.

டிஸ்க் வாங்கும்போது

நம் ஊர்க் கடைகளில் 4கே டிஸ்க் பார்ப்பது அரிது. அமெரிக்கா, பிரிட்டன் கடைகளிலிருந்து வரவழைக்க வேண்டும், அல்லது உறவுக்காரர் வரும்போது சொல்லி வைக்க வேண்டும். தபாலில் வந்தால் சுங்க வரி சேரும், அதையும் கணக்கில் வையுங்கள். நம் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இந்த வடிவத்தில் வரவில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். நம் ஒளிப்பதிவாளர்கள் இருட்டில் செய்திருக்கும் வேலையை ஓடிடி வழியாகத்தான் எச்டிஆரில் பார்க்க முடிகிறது.

ஓடிடியே போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் வரும் இரண்டு மணி நேரப் படம் மொத்தம் 13.5 ஜிபி. 4கே டிஸ்க்குகளில் அதிகம் பயன்படுபவை 66 ஜிபி, 100 ஜிபி கொள்ளளவு கொண்டவை. 100 ஜிபி டிஸ்க்கில் நொடிக்கு 128 மெகாபிட் வரை போகலாம். வெயிலில் இரண்டு பேர் பேசும் காட்சியில் வித்தியாசம் தெரியாமல் போகலாம். மழை, புகை, மூடுபனி, இருட்டில் நகரும் துணி, பழைய ஃபிலிமின் மணல்மணல் போன்ற துகள், இவற்றில் தெரிந்துவிடும். ஓடிடியில் அங்கெல்லாம் படம் கட்டம் கட்டமாகக் குழையும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் கரண்ட் வந்தும் நெட் வர நாளாகியது. அலமாரியில் இருந்த படங்கள்தான் அந்த நாட்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத் துணை. ஓடிடியில் இன்று இருக்கும் படம் நாளை இல்லாமல் போகலாம். டிஸ்க் போகாது.

சரி, அட்டையில் எதைப் பார்ப்பது? 4கே டிஸ்க்கின் பெட்டி பொதுவாகக் கறுப்பு, சாதாரண ப்ளூரே பெட்டி நீலம். மேலே ‘4கே அல்ட்ரா எச்டி’ என்ற பட்டை இருக்க வேண்டும். ‘மாஸ்டர்ட் இன் 4கே’ என்று அச்சிட்ட நீலப் பெட்டிகள் 2013 வாக்கில் வந்தன. அவை 4கே மூலத்திலிருந்து எடுத்த சாதாரண ப்ளூரே. ‘4கே ரெஸ்டோரேஷன்’ என்று போட்ட நீலப் பெட்டியும் அப்படியே. காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரியான இடத்தில் பழைய டிஸ்க் பொறுக்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. அப்புறம் பின்பக்கத்தில் எச்டிஆர், டால்பி விஷன் முத்திரைகளைத் தேடுங்கள். எச்டிஆரே இல்லாத 4கே டிஸ்க்குகளும் சில உண்டு.

ரீஜன் பிரச்சினை 4கே டிஸ்க்குக்கு இல்லை. எந்த நாட்டுடையதும் எந்த பிளேயரிலும் ஓடும். ஆனால் அதே பெட்டிக்குள் இருக்கும் சாதாரண ப்ளூரேவுக்கு ரீஜன் பூட்டு இருக்கலாம். அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. கூடுதல் சிறப்புக் காட்சிகள் பல சமயம் அந்த ப்ளூரேயில்தான் இருக்கும் என்பதால் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எந்தப் படத்தை வாங்குவது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. புதுப் படம்தான் 4கேயில் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறோம். 2000-க்குப் பிறகு வந்த எத்தனையோ பெரிய படங்களின் கடைசி வடிவத்தை, 4கேயில் கால்வாசிப் புள்ளிகளே உள்ள 2கே அளவிலேயே முடித்து வைத்தார்கள். டிஸ்க்குக்காக அதைப் பெரிதாக்குகிறார்கள். பழைய படத்திலோ நெகடிவ் பத்திரமாக இருந்தால் அதையே திரும்ப ஸ்கேன் செய்யலாம். ஃபிலிம் பிடித்து வைத்திருக்கும் வெளிச்ச வீச்சும் பெரியது, அன்றைய தியேட்டர் பிரிண்ட்டில்கூட அது முழுவதும் வந்ததில்லை. 1962-ல் 65 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்த லாரன்ஸ் ஆஃப் அரேபியா 2020-ல் 4கே டிஸ்க்காக வந்தது. அறுபது வருடத்துக்கு முந்தைய அந்தப் பாலைவன மணலின் ஒவ்வொரு நெளிவும் நேற்று எடுத்த பல படங்களைவிடத் தெளிவு.

இதிலும் ஒரு சோதனை இருக்கிறது. சில வெளியீடுகளில் ஃபிலிம் துகளை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். அதோடு தோலின் நயமும் போய், முகம் மெழுகு பூசியது போல ஆகிவிடும். துகள் தெரிந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். ஒளிப்பதிவாளர் தேர்ந்தெடுத்த ஃபிலிமின் உடம்பு அது.

கேபிளும் செட்டிங்கும்

இதுதான் நிறையப் பேர் விட்டுவிடும் இடம். நானும் விட்டேன். டிஸ்க் பார்க்கத் தொடங்கிய முதல் மூன்று மாதம் என் டிவி எச்டிஆர் படத்தைச் சாதாரணப் படமாகத்தான் காட்டியது. நிறுவ வந்தவர் எதையும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பிளேயரின் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ துளைக்கு, எச்டிஆர் சிக்னலை முழுசாக வாங்கிக்கொள்ள டிவியில் ஒரு செட்டிங் உண்டு. பல டிவிகளில் அது அணைந்தே வருகிறது. சாம்சங்கில் அதன் பெயர் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’ என்பதில் ‘என்ஹான்ஸ்ட்’. பிளேயர் எந்தத் துளையில் செருகியிருக்கிறதோ அந்தத் துளைக்கு அதைப் போட்டு வையுங்கள். அக்கா மகன் டிவியிலும் அது அணைந்துதான் இருந்தது.

கேபிள் ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ என்று போட்டதாக இருந்தால் போதும், நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும். இரண்டு மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தங்கமுலாம் பூசியது என்று ஐயாயிரம் ரூபாய் கேட்டால் தேவையில்லை. படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கினாலோ, நொடிக்கொரு முறை திரை கறுத்தாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான்.

டிஸ்க்கைப் போட்டதும் டிவியின் ஒரு மூலையில் எச்டிஆர் என்றோ டால்பி விஷன் என்றோ எழுத்து வந்து மறையும். வரவில்லை என்றால் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்திப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது. துளையின் செட்டிங், கேபிள், பிளேயரின் எச்டிஆர் அவுட்புட், நடுவில் சவுண்ட்பார் இருந்தால் அது 4கே எச்டிஆரைக் கடத்துமா என்று இதே வரிசையில் பாருங்கள். சில பிளேயர்களில் டால்பி விஷனை நாமே மெனுவில் போட வேண்டும், எச்டிஆர்10 டிஸ்க் பார்க்கும்போது நாமே அணைக்க வேண்டும். அணைக்க மறந்தால் நிறம் பிசகும்.

எச்டிஆர் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிவியின் பிக்சர் மெனுவுக்குள் போங்கள். எச்டிஆருக்கு டிவி தனியாக ஒரு செட்டிங் தொகுப்பை வைத்திருக்கும், வேறு சமயத்தில் மாற்றினால் அது இதற்குப் பொருந்தாது. ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடைத் தேர்ந்தெடுங்கள். திரையின் விளக்கு அளவு முழுசாக இருக்கட்டும். மின்சாரம் மிச்சப்படுத்தும் மோடையும், அறை வெளிச்சத்துக்கேற்பத் தானே மங்கும் சென்சாரையும் அணையுங்கள். ‘படம் ஒரே இருட்டு’ என்ற புகாரில் பாதி இந்த இரண்டினால்தான் வருகிறது. காட்சியை வழவழப்பாக்கும் வசதியையும் எடுத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தது. நடுவில் டிவி தானாக ஃபிரேம் செய்து சொருகினால் பெரிய படமும் சீரியல் மாதிரி ஆகிவிடும். பிளேயரில் 24 ஃபிரேம் அவுட்புட்டை ‘ஆட்டோ’வில் விடுங்கள்.

முதல் நாள் சினிமா மோட் மஞ்சளடித்த மாதிரி தோன்றும். கடையில் பார்த்த நீலவெள்ளைக்குக் கண் பழகியிருக்கிறது. ஒரு வாரம் அப்படியே விடுங்கள். அதற்கப்புறம் பழைய மோடுக்குப் போனால் ட்யூப்லைட் அடியில் நிற்பவர்கள் மாதிரி எல்லா முகமும் வெளிறித் தெரியும்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. பிளேயரில் ‘பிட்ஸ்ட்ரீம்’ (ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவது) போடுங்கள், ‘செகண்டரி ஆடியோ’வை (மெனு சத்தம் போன்ற உபரி ஒலியைக் கலப்பது) அணையுங்கள். டிவி வழியாகச் சவுண்ட்பாருக்குப் போனால் இரண்டிலும் இஏஆர்க் (எச்டிஎம்ஐ வழியே டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் ஏஆர்க் வசதியின் புதிய வகை) இருக்க வேண்டும். வெறும் ஏஆர்க் என்றால் டிஸ்க்கில் இருக்கும் முழுத் தரமான டால்பி அட்மாஸ் ஒலி வராது.

அறையும் உப்புக்காற்றும்

எச்டிஆரில் வெளிச்சத்துக்கு இருப்பது போலவே இருட்டுக்கும் கணக்கு உண்டு. ஹாலில் ட்யூப்லைட் எரிந்தால் டிஸ்க்கில் இருக்கும் இருட்டுக் காட்சிகள் எல்லாம் போயே போய்விடும். சாதாரணப் படத்தில் முழுத் திரையையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு சமாளித்தோம். எச்டிஆர்10-ல் இந்தப் புள்ளி இத்தனை நிட் என்று நேரடியாகவே எழுதியிருப்பதால், அப்படிக் கூட்ட இடம் குறைவு. விளக்கை அணையுங்கள். முழு இருட்டு கண்ணை உறுத்தினால் டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து ஒரு சின்ன வெள்ளை விளக்கு போதும். எதிரே இருக்கும் எந்த விளக்கும் திரையில் பட்டுத் தெரியக் கூடாது. பகலில் பார்க்கத்தான் முடியும் என்றால் டால்பி விஷனில் ‘பிரைட்’ மோட் இருக்கிறது, அதைப் போடுவதில் தவறில்லை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக்காற்றில் எச்டிஎம்ஐ முனை பச்சை பூக்கும். எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேபிளைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துச் செருகுகிறேன். டிஸ்க் அலமாரியை வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் அட்டையும் உள்ளிருக்கும் புத்தகமும் நமுத்துவிடும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் அலமாரித் தட்டில் போட்டு வையுங்கள். பிளேயரைப் புயல் காலத்தில் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுவது என் பழக்கம்.

100 ஜிபி டிஸ்க்கில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. பழைய டிவிடி கீறலைத் தாங்கிய மாதிரி இது ஒரு விரல்ரேகையைக்கூடத் தாங்காமல் நடுவில் நின்றுவிடலாம். நின்றால் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன் மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுக் குமிழை அழுத்திவிட்டு எடுங்கள், டிஸ்க்கை வளைத்து இழுக்க வேண்டாம்.

அன்றைக்கு மஞ்சக்குப்பத்தில் இதையெல்லாம் முடித்தபோது மணி ஏழரை. அந்த நாலு டிஸ்க்கில் ஒன்று ஆங் லீ எடுத்த லைஃப் ஆஃப் பை. பாண்டியில் தொடங்கும் கதை, படப்பிடிப்பும் இங்கே நடந்தது. 2016-ல் முதன்முதலாக வந்த 4கே டிஸ்க்குகளில் அதுவும் ஒன்று. இரவுக் கடல் ஒளிரும் காட்சிக்கு நேராகப் போனோம். ட்யூப்லைட்டை அக்காவே எழுந்து அணைத்தாள். கறுப்புத் தண்ணீருக்குள் நீலப்பச்சை வெளிச்சம் புள்ளி புள்ளியாக எழும்பியது, படகின் விளிம்பு தனியாகத் தெரிந்தது, வானம் வானமாகவே இருட்டியிருந்தது. முந்தின நாள் இதே காட்சி அவனுக்குச் சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது.

“இதையா தம்பி, நேத்து இவன் ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னான்?” என்றாள் அக்கா. “தேவனாம்பட்டினத்துல சின்னப்போ ஒரு தடவை அப்பாகூட ராத்திரில போயி பாத்தேன். அலை உடையுறப்போ இதே மாதிரி மினுக்குச்சு.”

அவன் ரிமோட்டை எடுத்துப் படத்தை முதலிலிருந்து போட்டான்.